கரண்ட் போனபின் மிஞ்சியது

வீல் என்று ஓர் அலறல்.

பெரியவள் கையிலிருந்த பேனா தரையில் விழுந்து உருண்டது. மேஜைக்கு அடியில் இருந்த யூ.பி.எஸ் பெட்டிதான் அப்படிக் கத்தியது. கத்தியது, விக்கியது, அடங்கிவிட்டது. அதோடு விளக்கு, மின்விசிறி, எதிரே ஓடிக்கொண்டிருந்த இரண்டு கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றாகக் கண்ணை மூடின. ஜன்னல் இல்லாத அறை. பட்டப்பகலில் கும்மிருட்டு.

அந்தப் பெட்டியின் பேட்டரி செத்து நாளாகிறது. மாற்றித் தருகிறோம் என்றவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சில வீட்டு மாப்பிள்ளைகள் மாதிரி அதற்குக் கத்தத்தான் தெரியும், தாங்கத் தெரியாது.

இருட்டில் ஒரு கணம் பெரியவளுக்குப் பழைய நாள் ஒன்று நெஞ்சில் வந்து மோதியது. காய்ச்சலோடு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், தெருவெல்லாம் வெளிச்சம், அவர்கள் வீடு மட்டும் திடீரென்று இருட்டு, மெயின் சுவிட்சுக்குக் கீழே முக்காலி போட்டு நின்றுகொண்டு தம்பி சொல்கிறான், "கரண்ட் போச்சு அக்கா, போய்ப் படு."

நினைப்பை உதறிவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

"ஃபிரிட்ஜ்! ஃபிரிட்ஜ் ஓடுதா?"

"ஓடுது மேடம், ஓடுது! உங்க ரூம் மட்டும்தான்!" என்று எங்கிருந்தோ ஒரு நர்ஸ் குரல் கொடுத்தாள்.

பெரிய குளிர்பெட்டிகளின் ஓயாத உறுமல் காதில் விழுந்த பிறகுதான் பெரியவளுக்கு மூச்சு வந்தது. அது ஒரு ரத்த வங்கி. அங்கே கரண்ட் போவது என்பது வீட்டில் பால் திரிந்துபோகிற விஷயம் இல்லை.

கதையை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வோம். ஒரு சாலை விபத்தன்று, ரத்த வங்கியின் பழைய மென்பொருள் ஒரு ரத்தப் பையைத் தேடிக் கொடுக்க முழி பிதுங்கியதும், வங்கியின் பொறுப்பாளரான டாக்டரம்மா மேஜையைத் தட்டி, "இனிமே இது வேணாம், நல்லதா ஒண்ணு பாரு" என்று அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவளிடம் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். எந்தப் பை, எந்த வகை, யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்ற தகவலையெல்லாம் அடுக்கிவைத்து, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்க ஒரு டேட்டாபேஸ் வேண்டும். வந்தவற்றில் மிஞ்சியவை இரண்டு. ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்களில் அவற்றை ஏற்றி, ஒன்றுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், மற்றதற்கு நீல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள் பெரியவள். சிவப்பு, அவள் தம்பி வேலை பார்க்கும் கம்பெனியுடையது.

அதை முதல் நாளே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"யார் தம்பியா இருந்தா என்ன? கடிகாரத்துக்கு அக்கா தம்பியெல்லாம் தெரியாது. நீ ஓட விட்டுப் பாரு" என்றார் அவர்.

ஓடவிட்டுத்தான் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே தகவல், ஒரே கேள்விகள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் இயந்திரத்தை முறைப்படி நிறுத்தி மறுபடி கிளப்புவாள். முந்தைய ஓட்டத்தில் படித்ததை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு எதுவும் காப்பியடிக்கக் கூடாது. சராசரி நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனபோது டாக்டரம்மா திருப்பி அனுப்பினார். "பிரசவ அறையில இருந்து ரத்தம் கேட்கிறவளுக்குச் சராசரி எதுக்கும்மா? ரொம்ப லேட்டான பதில் எவ்வளவு லேட்டு? அதைச் சொல்லு."

அதிலும் சிவப்புதான் முந்தியது. எல்லா வார்டுகளும் ஒரே நேரத்தில் கேட்பதுபோல் நெருக்கினாலும் கண்சிமிட்டுவதற்குள் பதில் சொன்னது. நீலம் தோற்றுவிடவில்லை, ஆனால் கூட்டம் சேர்ந்ததும் கொஞ்சம் திணறி, யோசித்து, பிறகு சொன்னது. இன்று நடந்துகொண்டிருந்தது கடைசி ஓட்டம். மாலையில் முடிவு. பெரியவள் மனசுக்குள் ஒரு சின்ன மேளச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தம்பி ஜெயிக்கிறான், அதுவும் நேர்மையாக ஜெயிக்கிறான்.

அந்த நேரத்தில்தான் இந்த அலறல்.

*

எலக்ட்ரீஷியன் வந்தார். அவரை எல்லாரும் 'ஃபியூஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். தாழ்வாரத்துச் சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தவர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"மேடம், இது தானா போகலை. தானா விழுந்தா பாதியில நிக்கும். இது முழுசா கீழ இருக்கு. யாரோ கையால அணைச்சிருக்காங்க."

"கையாலயா? இங்கயா?"

"டேப்பைப் பாருங்க."

பெரியவள் பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்த சுவிட்ச் எந்தக் குளிர்பெட்டிக்குப் போகிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது என்பதால், எல்லா சுவிட்சின் மேலும் 'தொடாதே' என்று அச்சடித்த மஞ்சள் டேப்பை ஒட்டிவைத்திருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். போகும்போது விளக்கை அணைப்பதற்குக்கூட அங்கே கை கூசும். இந்த ஒரு சுவிட்சின் டேப் மட்டும் பாதி கிழிந்து தொங்கியது.

"எவனோ வேணும்னே பண்ணியிருக்கான்" என்றபடி ஃபியூஸ் சுவிட்சைத் தூக்கினார். அறையில் வெளிச்சம் வந்தது. "டாக்டரம்மா காதுல போட்டுடறேன். கேமரா இருக்கே, எங்க போவான்?"

அவர் போனதும் பெரியவள் இரண்டு கம்ப்யூட்டர்களையும் கிளப்பினாள். இரண்டும் சாதுவாக எழுந்தன. இரண்டும் 'தயார்' என்றன.

அப்படியே விட்டிருக்கலாம். ஓட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். ஆனால் சரிபார்க்காமல் எதையும் மூடிவைக்கத் தெரியாத கை அது. கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை எண்ணாமல் நகராது என்று அம்மா கேலி செய்வாள்.

கேள்விகளையும் புதுப் பதிவுகளையும் அனுப்பிக்கொண்டிருந்த லேப்டாப் தன் சொந்த பேட்டரியில் விழித்தேதான் இருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் 'பதிந்துகொண்டேன்' என்று பதில் வந்ததும் அதையும் அது குறித்துவைக்கும். அந்தக் குறிப்பை எடுத்து, முதலில் நீலத்தோடு ஒப்பிட்டாள். பதிந்துகொண்டேன் என்று நீலம் சொன்னது ஒன்று விடாமல் அப்படியே இருந்தது.

சிவப்போடு ஒப்பிட்டாள்.

கடைசிப் பதிவுகளைக் காணோம்.

இன்னொரு முறை பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கரண்ட் போவதற்குச் சற்று முன்னால் 'பதிந்துகொண்டேன், பதிந்துகொண்டேன்' என்று சிவப்பு வாய் நிறையச் சொன்ன வரிகள் இப்போது அதனிடம் இல்லை. அப்படி ஒன்று நடந்ததாகவே அதற்குத் தெரியவில்லை.

காணாமல் போனவற்றில் ஒன்றின் மேல் அவள் கண் நின்றது. எல்லாம் பரிசோதனைக்காக அவளே கற்பனையாகச் செய்த பைகள்தான். அந்த ஒரு பைக்கு மட்டும், 'கிருமி இருக்கிறது, யாருக்கும் கொடுக்காதே' என்று ஒரு பதிவை அனுப்பியிருந்தாள். சிவப்பு பதிந்துகொண்டதாகச் சொல்லியிருந்தது.

இப்போது அதே பையைச் சிவப்பிடம் கேட்டாள். கண்சிமிட்டுவதற்குள் பதில் வந்தது.

'கொடுக்கலாம்.'

இன்னொரு முறை கேட்டாள். மறுபடியும் அதே பதில்.

இத்தனை நாளாக எத்தனை விதமாகச் சோதித்தாள்! ஒரு தடவைகூடக் கரண்டைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றவில்லையே. எப்படித் தோன்றும்? சுவிட்ச் என்றாலே தொடக் கூடாதது என்று பழகிய கை. வேறு எந்த ஆபீசிலாவது இருந்திருந்தால் முதல் நாளே செய்திருப்பாள்.

*

மேஜை மேல் போன் அதிர்ந்தது. அம்மா.

"பெரியவளே, சின்னவன் சாப்பாடு கொண்டாந்து குடுத்தானா?"

"குடுத்தான்மா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிடணும்."

"இன்னுமா சாப்பிடலை? ரெண்டு கம்ப்யூட்டரை ஓட விட்டுப் பார்க்கிறதுக்கு நீ எதுக்குப் பட்டினி கிடக்கணும்? ஓடுறது அதுங்கதானே!"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

அலறலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் தம்பி வந்திருந்தான். விற்கிற கம்பெனிக்காரர்கள் சோதனை அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அதனால் தாழ்வாரத்திலேயே நின்று டப்பாவை நீட்டினான். புதுச் சட்டை. ஆனால் முகம் மட்டும் பழைய துணி மாதிரித் துவண்டு கிடந்தது. "என்னடா, ஜெயிக்கப்போறவன் மாதிரியா இருக்கு மூஞ்சி?" என்று சீண்டினாள். "சூடா இருக்கும்போதே சாப்பிடு அக்கா" என்றான்.

"ஏண்டி," அம்மாவின் குரல் தணிந்தது. "இன்னிக்கு முடிவு சொல்லிடுவீங்கதானே? இந்த ஆர்டர் வந்தா அவனுக்கு வேலை நிரந்தரம்னு முதலாளி சொல்லியிருக்காராம். அந்த டீச்சர் பொண்ணு வீட்ல, வேலை நிரந்தரமாகட்டும், தேதி குறிச்சிடலாம்னு காத்துக்கிட்டு இருக்காங்க. எத்தனை நாள் வேலையில்லாம அந்தப் பையன் சோபாவுல சுருண்டு கிடந்தான், நீயே பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்மா."

"நான் உன்னைத் தப்பாப் பண்ணச் சொல்லலை. அவனோடதுதான் வேகமா ஓடுதுன்னு நீயே சொன்னே. அதைச் சொன்னாப் போதும்."

அதைச் சொன்னால் போதும்.

போனை வைத்தபின்னும் அந்தச் சொல் அறைக்குள்ளேயே நின்றது. அதில் பொய்யும் இல்லையே. சிவப்புதான் வேகம். கரண்ட் போனது கணக்கில் இல்லாத விபத்து. ஓட்டத்தை முதலிலிருந்து ஆரம்பித்தால் மாலைக்குள் முடிந்துவிடும், சிவப்பு ஜெயிக்கும், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இந்த அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

டப்பாவைத் திறந்தாள். அம்மா கை மணம் வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய் இறங்கவில்லை. எங்கேயோ ஒரு கட்டிலில் யாரோ ஒருத்திக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். தொங்குகிற பையில் 'கொடுக்கலாம்' என்று இருக்கிறது. அவளுக்கும் ஒரு தம்பி இருப்பான், வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு.

டப்பாவை மூடிவிட்டு, சிவப்போடு வந்த குறிப்புப் புத்தகத்தை விரித்தாள்.

பின்பக்கங்களில், யாரும் போகாத சந்து மாதிரி ஓர் இடத்தில் விஷயம் இருந்தது. வருகிற தகவலை உடனே டிஸ்க்கில் எழுதுவதா, கரண்ட் போனால் அழிந்துவிடும் நினைவில் வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பிறகு எழுதுவதா என்று ஓர் அமைப்பு. 'பிறகு' என்று வைத்து அனுப்பியிருந்தார்கள். அதாவது, எழுதுவதற்கு முன்னாலேயே எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடுவது. வீட்டுப்பாடம் முடிச்சாச்சா என்றால், பையைத் திறக்காமலே முடிச்சாச்சு என்கிற பிள்ளை. வேகமாகத்தான் இருக்கும்.

அதை 'உடனே' என்று மாற்றி, மறுபடி ஓடவிட்டாள்.

சிவப்பு மூச்சு வாங்கியது. நீலத்துக்கு வெகுதூரம் பின்னால் வந்தது.

பெரியவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்டதைக் கண்டபடி எழுதினாள்.

*

டாக்டரம்மா படித்து முடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உட்காரும்மா."

உட்கார்ந்தாள்.

"வீட்ல கஷ்டமா இருக்குமே?"

"இருக்கும்."

"இதை நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே டாக்டர்."

அவர் தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். கோபக்காரர் என்று பெயரெடுத்தவர். அந்த டீ அவருடைய பாஷையில் ஒரு முழு அணைப்பு.

"சரி, நீலம்தான். ஆனா ஒண்ணு" என்று குரலை மாற்றிக்கொண்டார். "அந்த சுவிட்சை அணைச்சது யாருன்னு தெரிஞ்சாகணும். அதனால யாருக்கு லாபம்? நீலத்துக்கு. அந்தக் கம்பெனி ஆள் காலையில இங்க வந்துட்டுப் போயிருக்கார். எதிராளி பண்டத்துல இப்படி ஒரு ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சு அவர்தான் பண்ணினார்னா, அந்தக் கம்பெனியையும் தள்ளிடுவேன். ரத்த வங்கியில சுவிட்ச்ல கை வைக்கிறவனை நான் உள்ள விடமாட்டேன். போலீசுக்கும் சொல்லிடுவேன். நாளைக்குக் காலையில நீயும் நானும் உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறோம்."

"சரி டாக்டர்."

*

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பஸ் ஸ்டாப் பெஞ்சில் சின்னவன் உட்கார்ந்திருந்தான். வீட்டில் சின்னவன் என்று பெயரே தவிர, ஆள் நின்றால் பெரியவள் அவன் தோளுக்குத்தான் வருவாள். அவளைக் கண்டதும் எழுந்தான்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அங்கே வருவதற்குள் எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். பக்கத்தில் வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"தள்ளிட்டேன்டா."

"எதை?"

"உன்னோடதை. சிவப்பை. நான்தான் எழுதிக் குடுத்தேன். என்னைத் திட்டணும்னா இப்பவே திட்டிடு. வீட்ல அம்மா முன்னாடி வேணாம்."

அவன் திட்டவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான். பெரிய மூட்டையை இறக்கிவைத்தவன் மாதிரி நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

"டப்பாவுல மிச்சம் இருக்கா அக்கா? காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை."

பெரியவள் திகைத்துப்போனாள். டப்பாவைக் கொடுத்தாள். அவன் அவசர அவசரமாக அள்ளிச் சாப்பிட்டான். அவளுக்கு ஒன்று மெல்லப் புரிந்தது.

"உனக்குத் தெரியுமா? அது பிறகு எழுதுறது... உனக்கு முன்னாடியே தெரியுமா?"

மென்றுகொண்டே தலையாட்டினான்.

"முதலாளிகிட்ட சொன்னேன். இது ஆஸ்பத்திரி விஷயம் சார், மாத்திடலாம்னு. மாத்தினா வேகம் போயிடும்ப்பா, எந்தப் பைத்தியக்காரன் கரண்டைப் பிடுங்கிப் பார்க்கப்போறான்னார். வாங்குறவங்க யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டார். மீறினா கோர்ட்டு, கேஸ்."

"என்கிட்டகூடவா சொல்லக் கூடாது? அக்காடா நான்!"

"வாங்குறவங்களும் நீதானே?"

பெரியவளுக்குக் கோபம் பொங்கியது. தினமும் அம்மா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். தினமும் சிவப்பு எப்படி ஓடுது அக்கா என்று கேட்டிருக்கிறான். இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா?

"இன்னிக்கு மட்டும் கரண்ட் போகாம இருந்திருந்தா? நானே சிவப்புன்னு எழுதிக் குடுத்திருப்பேன்டா! எவனோ ஒரு புண்ணியவான் சுவிட்சை அணைச்சான், தப்பிச்சோம். அவன் மட்டும் நாளைக்கு கேமராவுல மாட்டினான், டாக்டரம்மா போலீஸ்ல குடுத்துடுவாங்களாம்."

மெல்லுவதை நிறுத்தினான் சின்னவன்.

"போலீஸா?"

"பின்னே? நீலக் கம்பெனி ஆள்தான்னு அவங்களுக்குச் சந்தேகம். நிஜமா இருந்தா நீலமும் கிடையாது."

அவன் டப்பாவை மூடினான். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு தரம் நழுவியது. பெரியவள் அதை வாங்கி மூடப்போனவள், அவன் சட்டைக்கையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவனின் சட்டையில் ஒட்டியதைத் தட்டிவிடுவது அவள் வேலை. பழக்கத்தில் கை போயிற்று. நகத்தால் பிய்த்தெடுத்தாள்.

மஞ்சள் டேப். கிழிந்த துண்டு. அதில் 'தொடா' என்பது வரைக்கும் இருந்தது.

பஸ் ஒன்று வந்தது, நின்றது, போயிற்று. இருவரும் ஏறவில்லை.

முக்காலி மேல் நின்ற அந்தப் பையனின் முகம் அப்படியே அவள் எதிரில் இருந்தது. மீசை மட்டும்தான் புதுசு.

"சொல்லக் கூடாதுன்னுதான் கையெழுத்து வாங்கினாங்க, சுவிட்சை அணைக்கக் கூடாதுன்னு யாரும் வாங்கலையே, அக்கா."